பாசலில் இருந்து வந்த பொதி

துப்பாக்கி விற்கிற அந்தத் துவக்குக் கடையில் எனக்கு முதலில் கிடைத்தது கூட்டித் துடைக்கிற வேலை. கடை சுவிட்சர்லாந்தில், வின்டர்தூர் நகரில், ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மேலே ஒரு பல்வைத்தியர், அதற்கு மேலே ஒரு காப்புறுதி அலுவலகம். துப்புரவு நிறுவனம் அந்தப் படிக்கட்டுகளைத் துடைக்க என்னை அனுப்பியிருந்தது. ஒரு நாள் கடை முதலாளி வாசலில் நின்று, தன் கடையையும் துடைத்துத் தர முடியுமா என்று கேட்டார். சம்மதித்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதி விண்ணப்பத்துக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்து, இந்த நாட்டில் தங்கி வேலை செய்ய விடும் பி அனுமதி அட்டை கைக்கு வந்திருந்த காலம்.

கணவருக்கு அந்தக் கடை வேலை பிடிக்கவில்லை. சூரிச்சில் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்தார். "துவக்குக் கடை எண்டு ஒருத்தருக்கும் சொல்லாதையும். விளையாட்டுச் சாமான் கடை எண்டு சொல்லும். எங்கடை ஆக்கள் ஒண்டைப் பத்தாக்கிக் கதைப்பினம்," என்றார். கடையின் பெயர்ப்பலகையிலும் ஆயுதமும் விளையாட்டும் என்றுதான் எழுதியிருந்தது. ஆகவே பொய்யில் பாதி உண்மை.

முதலாளியின் மனைவிதான் வருகிற பொதிகளையும் பதிவுப் புத்தகத்தையும் பார்த்துவந்தவர். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்து அவர் வீட்டில் படுத்துவிட, முதலாளி தனியே தடுமாறினார். ஒரு காலை மேசையைத் துடைக்கும்போது, திறந்து கிடந்த புத்தகத்தில் ஓர் இலக்கமும் பக்கத்துக் கடிதத்தில் இன்னோர் இலக்கமும் இருக்கக் கண்டேன். இந்த நாட்டில் கையால் எழுதும் ஒன்று எங்களுக்கு ஏழு போலத் தெரியும். ஆனால் கடிதத்தில் நிச்சயமாக ஏழு என்று இருந்ததை முதலாளி புத்தகத்தில் ஒன்று என்று எழுதியிருந்தார். அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் ஊரிலை என்ன வேலை செய்தனீங்கள்?"

அவர் பேசியது சுவிஸ் ஜெர்மன். அங்கே நடந்த பேச்சையெல்லாம் இங்கே எங்கள் பேச்சாகவே எழுதுகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன் என்று சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து பொதி மேசை என் பொறுப்பாயிற்று.

வேலை சிக்கலானதல்ல. பேர்னிலோ பாசலிலோ உள்ள ஒரு வியாபாரியிடம் ஒருவர் கைத்துவக்கு வாங்கினால், அந்த வியாபாரி அதை வாங்கியவருடைய ஊரிலுள்ள எங்களைப் போன்ற ஒரு கடைக்குப் பதிவுத்தபாலில் அனுப்பிவைப்பார். நான் கையெழுத்திட்டு வாங்குவேன். முதலாளி பிரித்து, துவக்குக்குள் ரவை ஏற்றியில்லை என்பதை உறுதிப்படுத்துவார். வியாபாரியிடமிருந்து வந்தாலும் ஒவ்வொரு முறையும் பார்ப்பார். பிறகு உலோகத்தில் வெட்டியிருக்கும் இலக்கத்தை நான் வாசிக்க, அவர் கடிதத்தோடு ஒப்பிடுவார். இரண்டாம் முறை பின்னாலிருந்து முன்னாக வாசிப்போம். புத்தகத்தில் எழுதி, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டுவோம். வாங்கியவருக்கு நான் ஒரு தபால் அட்டை எழுதுவேன். அவர் வந்து பொலிஸ் கொடுத்த அனுமதிப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் காட்டினால், முகத்தைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவோம். பத்திரத்தின் ஒரு பிரதி பொலிசுக்குப் போகும்.

முதல் நாட்களில் முதலாளி பொதியைப் பிரிக்கும்போது நான் மேசைக்கு மறுபக்கம் தள்ளி நிற்பேன். ஊரில் நான் பார்த்த துவக்குகள் எல்லாம் யாரோ ஒருவர் தோளில் தொங்கி, வாய் என் பக்கம் திரும்பியிருந்தவை. இங்கே அவை எண்ணெய் பூசி மெழுகுத்தாளுக்குள் கிடந்தன. வாங்க வந்தவர்களும் குரூட்சி என்று வணக்கம் சொல்லி, சப்பாத்தை மிதியடியில் துடைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். குறிபார்த்துச் சுடும் கழகத்துக்காரர்கள், வேட்டைக்காரர்கள், செத்துப்போன கணவரின் பழைய துவக்கை என்ன செய்வதென்று கேட்டு வந்த வயதான பெண்கள். மெல்ல மெல்ல எனக்கும் அது பழகிப்போனது. பழகியது சரிதானா என்று அப்போது யோசிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஓர் இலையுதிர் காலத்தில், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். சாம்பல் நிற மழை அங்கி, நன்றாகச் சவரம் செய்த முகம். பாசலில் ஒரு கைத்துவக்கு வாங்கியிருப்பதாகவும், அங்கே போய்வர நேரமில்லாததால் எங்கள் கடைக்கு அனுப்பச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அனுமதிப் பத்திரத்தைக் காட்டினார். முதலாளி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், பொருளை எடுக்கும்போதுதான் அதை வாங்கி வைக்க வேண்டும். அந்த மனிதர் முதலாளியிடம் மட்டுமல்லாமல் என்னிடமும் கதைத்தார். பெரும்பாலானவர்கள் என்னைத் தாண்டித்தான் பார்ப்பார்கள்.

"உங்கடை ஜெர்மன் நல்லாயிருக்கு. எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொதி வந்தது. இலக்கம் சரி. அவர் வீட்டுக்கு அடித்துப் பார்த்தேன், தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. வழக்கம்போல அட்டை எழுதினேன்: உங்கள் பொருள் வந்துவிட்டது, அடையாள அட்டையுடன் வந்து பெற்றுக்கொள்ளவும். கடை முத்திரையைக் குத்தித் தபாலில் போட்டேன்.

வியாழன் காலை முதலாளி சுடும் பயிற்சித் திடலுக்குப் போயிருந்தார். ஒரு பெண் உள்ளே வந்தாள். என் வயதுதான் இருக்கும். கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்து, நான் எழுதிய அட்டையை என் முன்னால் வைத்தாள்.

"இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம்."

"வந்தது பிஸ்டலோ?"

வாடிக்கையாளரின் பொருளைப் பற்றி வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. மனைவியென்றாலும் கூடாது. முதலாளி எனக்குச் சொல்லித்தந்த முதல் விதி அது. சொல்ல முடியாது என்றேன். என் முகம் ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நான் சொல்லுறன். அவர் எந்தக் கழகத்திலையும் இல்லை. இராணுவச் சேவை முடிஞ்சாப்பிறகு துவக்கைத் தொட்டதில்லை. என்னை அடிக்கேல்லை. ஒரு நாளும் அடிக்கேல்லை. நான் வெளியிலை போய்வந்தா, கார் எவ்வளவு தூரம் ஓடியிருக்குது எண்டு பாப்பார். போன மாசம் வீட்டுக்குள்ளை இருக்கிற எல்லாக் கதவையும் பூட்டுற திறப்புகளை எடுத்திட்டார். படுக்கை அறை, குளியலறை, எல்லாம். ஏனெண்டு கேட்டன். வீட்டுக்குள்ளை எதுக்குத் திறப்பு எண்டு சிரிச்சார்."

"பொலிசுக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னன். கொல்லுவன் எண்டு வெருட்டினவரோ எண்டு கேட்டினம். இல்லை எண்டன். அப்ப ஒண்டும் செய்ய ஏலாதாம்."

தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. நேரத்தைப் பார்த்தாள். கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வருவார், அதற்கு முன் அட்டையைத் திரும்பத் தபால்பெட்டியில் போட வேண்டும் என்றாள். எழும்பும்போது, "நீங்கள் என்ரை இடத்திலை இருந்தா என்ன செய்வீங்கள்?" என்று கேட்டாள். மேசையில் கிடந்த அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினேன். "நான் வந்ததைச் சொல்லிப்போடாதேங்கோ," என்றுவிட்டுப் போய்விட்டாள்.

முதலாளி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அங்கியைக் கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"பேப்பர் எல்லாம் சரி," என்றார். "பொலிஸ் பாத்து அனுமதி குடுத்திருக்கு. நான் நீதவான் இல்லை."

"அந்தப் பொம்பிளை பொய் சொல்லேல்லை."

"பொய் எண்டு நானும் சொல்லேல்லை. ஆனா இஞ்சை வாற ஒவ்வொரு ஆம்பிளையின்ரை குடும்பத்தையும் நான் விசாரிக்க வெளிக்கிட்டா, கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

"அப்ப அதைக் குடுத்ததெண்டு நான் புத்தகத்திலை எழுதமாட்டன். நீங்களே எழுதுங்கோ."

அந்தக் கடையில் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சிவந்தது. அன்றைக்கு வேலை போதும், வீட்டுக்குப் போங்கள் என்றார்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்தார். "நாங்கள் இருக்கிறதே இவையின்ரை தயவிலை. வெள்ளைக்காரன் புருசன் பெண்சாதிப் பிரச்சினைக்குள்ளை நீர் ஏன் தலையைக் குடுக்கிறீர்? வேலை போனா என்ன செய்யிறது?" அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. எழும்பிப் போய்ச் சோற்றை அடுப்பில் வைத்தேன்.

மறுநாள் போனபோது முதலாளி எனக்கு முன்பே கடையைத் திறந்து வைத்திருந்தார். அனுமதி கொடுத்த பொலிஸ் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாராம். அந்த மனிதருக்குக் குற்றப் பதிவு எதுவும் இல்லை, அனுமதி செல்லுபடியாகும் என்றார்களாம்.

"வீட்டிலை என்ரை மனுசியிட்டைச் சொன்னன்," என்றார் பிறகு. "அவ ஒரு கேள்விதான் கேட்டா. எங்கடை வீட்டுக் குளியலறைத் திறப்பு எங்கை இருக்குது எண்டு உங்களுக்குத் தெரியுமோ எண்டா. எனக்குத் தெரியேல்லை. முப்பது வருசம் அந்த வீட்டிலை இருக்கிறன். ஒருத்தன் அதைத் தேடி எடுக்கிறானெண்டா அது சும்மா இல்லை."

இரும்பு அலுமாரியைத் திறந்து அந்தத் துவக்கை எடுத்து மேசையில் வைத்தார். "நான் அதைத் திருப்பி அனுப்பப் போறன். எனக்கு விருப்பமில்லை எண்டு அவரிட்டைச் சொல்லுறன். ஒரு கடைக்காரன் காரணம் சொல்லத் தேவையில்லை."

"காரணம் சொல்லாட்டி அவர் தானே கண்டுபிடிப்பார். அவதான் வந்து சொன்னவ எண்டு அவருக்கு உடனை விளங்கும்."

அதை அவர் யோசிக்கவில்லை. நான் பாதையெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"என்ரை தலையிலை போடுங்கோ," என்றேன். "நான் பொதியை மாறித் திருப்பி அனுப்பிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. வெளிநாட்டுக்காரி, வாசிச்சு விளங்கேல்லை எண்டா நம்புவார்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கடையிலிருந்து ஒரு பொதியும் தவறான இடத்துக்குப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. ஆனாலும் வேறு வழி எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. துவக்கைத் திரும்பச் சுற்றினோம். இலக்கத்தை இரண்டு தரம் வாசித்தோம். தபாலகத்துக்கு அவரே கொண்டுபோனார்.

சனிக்கிழமை அந்த மனிதர் என் அட்டையோடு வந்தார். முதலாளி நாங்கள் பேசிவைத்தபடி சொன்னார். பிழை நடந்துவிட்டது, என் வேலையாள் தவறுதலாகத் திருப்பி அனுப்பிவிட்டார், மன்னிக்க வேண்டும். அவருக்குப் பொய் சொல்லித் தெரியாது. ஒப்புவிப்பதுபோல் சொன்னார்.

அந்த மனிதர் கோபிக்கவில்லை. என் மேசைக்கு வந்து, இரண்டு கைகளையும் அதன்மேல் ஊன்றி, சுவிஸ் பேச்சை விட்டுப் பள்ளிக்கூடத்து ஜெர்மனில், குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"என்ரை மனுசி இஞ்சை வந்தவவோ?"

"இல்லை. எனக்கு உங்கடை மனுசியைத் தெரியாது."

"போன முறை உங்கடை ஜெர்மன் நல்லாயிருந்தது," என்றார். புன்னகையோடுதான் சொன்னார். அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன். அவர் எங்களை நம்பவில்லை. அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய்யே அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். யாரோ முறைப்பாட்டுக் கடிதம் எழுதியிருந்தார்கள். இந்தக் கடையில் சிறிலங்கா அகதி ஒருத்தி துவக்குகளைக் கையாளுகிறாள், பொதிகளைத் தன் விருப்பத்துக்கு அனுப்புகிறாள் என்று. யார் எழுதியது என்று அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. புத்தகத்தை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். ஒரு பிழையும் இல்லை. முதலாளி நடந்ததை மறைக்காமல் சொன்னார். வயதான பொலிஸ்காரர் கேட்டுவிட்டு, "அவ வந்து முறைப்பாடு செய்தா நாங்கள் பாக்கலாம்," என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். மரியாதையாகத்தான் பேசினார். "இப்போதைக்குச் சட்டப்படி பிழையில்லை. ஆனா பேர்னிலை அரசாங்கம் புதுச் சட்டம் எழுதிக்கொண்டிருக்கு. சில நாட்டு ஆக்கள் ஆயுதம் வாங்கவே ஏலாது எண்டு ஒரு பட்டியல் வருமாம். உங்கடை நாடும் அதிலை இருக்கும் எண்டு கதை. நீங்கள் இனி இதைத் தொடாமல் இருக்கிறது நல்லது."

சொன்னபடியே அந்தத் தசாப்தம் முடிவதற்குள் சட்டமும் வந்தது, பட்டியலும் வந்தது, எங்கள் நாடும் அதில் இருந்தது. நான் எந்தத் துவக்கையும் வாங்க நினைத்தவளல்ல. என்றாலும் அந்தப் பட்டியலில் எங்கள் நாட்டின் பெயரை வாசித்தபோது, அந்த மனிதருடைய பத்திரத்தில் இருந்த சுத்தமான முத்திரை எனக்கு ஞாபகம் வந்தது.

பொலிஸ்காரர்கள் போனதும் முதலாளி பாசல் வியாபாரிக்குத் தொலைபேசி எடுத்தார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கதிரையைப் பிடித்து உட்கார்ந்தார். அந்த மனிதர் முந்தைய நாள் பாசலுக்கு நேரில் போயிருக்கிறார். பத்திரம் அவரிடமே இருந்தது. காட்டியிருக்கிறார், கொடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒழுங்கு. பொதி எங்களிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால், நாங்கள் தடுத்துவைத்தது ஒன்பது நாள்.

அட்டையில் நான் எழுதிய விலாசம் எனக்கு மனப்பாடம். திங்கட்கிழமை பிற்பகல் கணவரிடம் சொல்லாமல் அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரே மாதிரியான நான்கு மாடி வீடுகள். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. மணியை அடிக்க எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு வயதான பெண் வாசலில் கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தார். என் துப்புரவு அங்கியைப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். அட்டையில் எழுதிய குடும்பப் பெயரைச் சொன்னேன்.

"அவ இல்லை. தாயிட்டைப் போயிட்டா எண்டு அவர் சொல்லுறார்."

அவர் சொல்லுகிறார். அந்தச் சொற்களைத் தூக்கிக்கொண்டுதான் நான் வீட்டுக்கு வந்தேன். கணவர் என் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். இந்த முறை எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஒன்றும் ஏசவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

இரண்டு வாரம் போயிற்று. பொலிஸ்காரர் சொன்னபடி நான் மேசையை விட்டுப் பழையபடி துடைப்பம் பிடித்தேன். அத்தனை காலமும் வீட்டோடு இருந்த முதலாளியின் மனைவி, பொதி மேசைக்கு ஊன்றுகோலோடு திரும்பி வந்திருந்தார். ஒரு காலை நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முதலாளி தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "உங்களுக்கு," என்றார். அவர் முகம் மாறியிருந்தது.

அவள்தான். எங்கேயிருந்து பேசுகிறாள் என்று சொல்லவில்லை.

"அண்டைக்குச் சனிக்கிழமை வீட்டை வந்து, அந்தக் கடையிலை நிக்கிற வெளிநாட்டுப் பொம்பிளைக்கு நீ என்ன சொன்னனி எண்டு கேட்டார். ஒண்டும் சொல்லேல்லை எண்டன். சிரிச்சார். ரெண்டு நாளாலை, திங்கட்கிழமை, அவர் வேலைக்குப் போனாப்பிறகு வெளிக்கிட்டிட்டன். ஒரு பையோடை."

"நாங்கள்தான் பிழை விட்டிட்டம். எங்கடை பொய்யை அவர் கண்டுபிடிச்சிட்டார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அவர் அப்பிடிக் கேட்டிராட்டி நான் இப்பவும் அங்கைதான் இருந்திருப்பன்," என்றாள். பிறகு கேட்டாள். "அது இப்ப எங்கை இருக்குது?"

முதலாளியைப் பார்த்தேன். அவர் கண்ணால் சொல்லுங்கள் என்றார்.

"அவரிட்டைத்தான். நேரை போய் எடுத்திட்டார்."

"சரி. தெரிஞ்சுகொண்டது நல்லது," என்றாள். நன்றி சொன்னாள். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

குளிர் மாரி முடிய நான் அந்த வேலையை விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. பதிவுத்தபால்காரர் பொதியோடு வரும்போதெல்லாம் என் கை துடைப்பத்தில் நின்றுவிடும். அதை என்னால் மாற்ற முடியவில்லை. வேலைச் சான்றிதழ் கேட்டபோது, நான் பொதி மேசையில் இருந்ததையும் எழுதவா வேண்டாமா என்று முதலாளி தயங்கினார். அந்தப் புதுச் சட்டத்தோடு அது எனக்கு உதவுமா தீமையாகுமா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. துப்புரவு என்று மட்டும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, கையெழுத்தின் கீழே, மிகவும் நம்பிக்கையானவர் என்று ஒரு வரி சேர்த்தார்.

சூரிச்சுக்குப் பக்கத்தில், ஷ்லீரனில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் சேர்ந்தேன். தினமும் ரயிலில் போகவேண்டும். இருக்கைகளில் ஆட்கள் விட்டுப்போகும் பத்திரிகையை எடுத்து, உள்ளூர்ச் செய்திகளின் சின்னப் பத்திகளை ஒவ்வொன்றாக வாசிப்பேன். ஒரு பெண், ஒரு கணவன், ஒரு துவக்கு என்று எங்காவது இருக்கிறதா என்று. அப்படிச் செய்திகள் வரத்தான் செய்தன. வயதைப் பார்ப்பேன், ஊரைப் பார்ப்பேன். அவளில்லை என்று தெரிந்ததும் மூச்சு வரும். இறந்துபோன வேறொருத்தியின் செய்தியை வாசித்துவிட்டு இப்படி ஆறுதல் அடைகிறேனே என்ற வெட்கம் அடுத்த நிலையத்துக்குள் வந்துவிடும். பல வருடம் அப்படி வாசித்தேன். அவளைப் பற்றி ஒன்றும் வரவில்லை. அவள் எங்கோ நலமாக இருக்கிறாள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் எனக்குத் தெரியாது.